மஞ்சள்திருடியின் அடிவயிறு

மல்லாந்து படுக்க நல்ல இடம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன் ஐயா, கடலை பிடுங்கிய காடு. மண் பொலபொலவென்று முதுகுக்குத் தகுந்தபடி குழிந்து கொடுக்கும். சோளம் அறுத்த காட்டில் கட்டை குத்தும். கண்மாய்க் கரைப் புல் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் ஈரம் ஏறி ஒரு வாரம் இரும வைத்துவிடும். சட்டை முதுகெல்லாம் கிழிந்து நான் கற்றுக்கொண்டது இது. இந்த ஸ்டேஷன் நாற்காலியில் நீங்கள் நாள் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிபாரிசு செய்யலாம் என்று தோன்றுகிறது.

என்னை உங்களுக்குத் தெரியும். மேற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பொன்னுத்துரை. நீங்கள் இன்ஸ்பெக்டராக இந்த ஊருக்கு வந்த புதிதில் குடும்பத்தோடு படம் எடுக்க வந்தீர்கள். விளக்கு எரிந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்கள் சம்சாரம் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். நான் அந்தச் சிரிப்பை எடுத்தேன். நல்ல படம் அது, இன்னும் மாட்டி வைத்திருப்பீர்கள்.

சீனச் சண்டையால் உங்களுக்கு வேலை கூடியிருக்கும் நேரம். அதிகம் பிடித்து வைக்கமாட்டேன். வைகாசியில் குஜிலியம்பாறைப் பக்கம் பாறையிலிருந்து விழுந்து இறந்த வேலுசாமியைப் பற்றிச் சொல்ல வந்தேன். கால் வழுக்கி விழுந்தான் என்று முடித்து வைத்தீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. பறவையில் தொடங்கினால்தான் அது விளங்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால் சாணார்பட்டியில் ஒரு கல்யாணம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது சைக்கிள் பஞ்சர். ஒட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். வயிறு நிறையக் கல்யாணச் சாப்பாடு, பக்கத்தில் கடலைக் காடு. படுத்துவிட்டேன். அப்போது ஒரு கொக்கு எனக்கு நேர் மேலே பறந்தது. வெயில் அதன் முதுகில் இருந்தது, நான் வயிற்றுப் பக்கம் இருந்தேன். இறக்கையில் வெளிச்சம் ஊடுருவி ஒவ்வொரு இறகின் தண்டும் தெரிந்தது, அரிக்கேன் விளக்குக்கு முன்னால் கையை விரித்தால் விரல் சிவப்பாகத் தெரியுமே அதைப் போல. காலை இரண்டு குச்சியாகப் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டு, என்னைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டது.

நாற்பது வயது வரை மூஞ்சிகளையே படம் எடுத்தவன் நான். மூஞ்சி பொய் சொல்லும் ஐயா. மாப்பிள்ளை மூஞ்சி, தலைவர் மூஞ்சி, செத்தவர் மூஞ்சிகூட. பறவையின் அடிவயிற்றுக்குப் பொய் தெரியாது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கொடைக்கானலை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒரு ஜெர்மன் கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். லென்ஸ் முழங்கை நீளம். ஞாயிறு தோறும் முதல் பூசை முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என் மனைவி லூர்தம்மாள், “ஊர்ல ஆம்பளைக எதெதையோ பாத்துக்கிட்டுத் திரியுறாங்க, நீங்க கொக்குதான பாக்குறீக, போயிட்டு வாங்க” என்று தூக்குவாளியை நிரப்பிக் கொடுப்பாள்.

ஒரு தடவை குஜிலியம்பாறை மேட்டுக்காட்டில் படுத்திருந்தேன். தலைக்கு மேல் பருந்துகள் வட்டம் போட்டன. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஜக்கம்மாள் என்கிற அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “எந்த ஊர்ப் பிள்ளையோ, பெத்தவ எங்க தேடுறாளோ” என்று மார்பில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். நான் அசைய முடியாது, பருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

“ஆத்தா, செத்த நகந்துக்கிருங்க. நெழல் விழுகுது” என்றேன்.

கம்பைப் போட்டுவிட்டு ஓடியவர், கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்பி வந்து திட்டினார். “உசுரோட இருக்கிறவன் கண்ண முழிச்சுக்கிட்டு இப்புடியா கெடக்கிறது? அழுத அழுகையத் திருப்பித் தா.”

இதை மண்டியில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தவன்தான் வேலுசாமி. வெங்காய மண்டியில் ஏலம் கூறுகிறவன். அவன் குரலை நீங்கள் கேட்டதில்லையே. மண்டிக்குள் நின்று விலை கூறினால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் கையைத் தூக்கிவிடுவார். எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை இருந்தது. நான் கீழே தயாராகப் படுத்திருப்பேன், பறவை மேலே உட்கார்ந்தே இருக்கும். யாராவது போய் அதைக் கிளப்ப வேண்டும்.

“நான் வாரேன்” என்றான் வேலுசாமி. “ஆறு நாளும் மனுசன வெரட்டுறேன். ஒரு நாள் பறவைய வெரட்டுனா என்ன.”

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமானவை. பஸ்ஸில் ஏறியதும் அவன் கண்டக்டரோடு விலை பேச ஆரம்பித்துவிடுவான், டிக்கெட்டுக்கு ஏலம் விடுவான், பஸ் முழுக்கச் சிரிக்கும். அவன் மனைவி அய்யம்மாள் கம்மஞ்சோறும் கருவாட்டு வெஞ்சனமும் கட்டிக் கொடுப்பாள். எனக்கென்று தனிப் பொட்டலம், காரம் குறைத்து. பறவையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. என் சந்தோஷத்தைப் பார்க்க வந்தான், அவ்வளவுதான். இப்படி ஒரு சிநேகிதன் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

குஜிலியம்பாறையைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறை உண்டு. இரண்டு பனை உயரம். பின்பக்கம் ஆடுகூட ஏறும். முன்பக்கம் சுவர் மாதிரி நேராக இறங்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பொந்தில் மஞ்சள்திருடிகள் கூடு வைத்திருந்தன. மூஞ்சி மட்டும் மஞ்சளாக இருக்கும் வெள்ளைக் கழுகு. யார் வீட்டிலோ மஞ்சளைத் திருடிப் பூசிக்கொண்டது என்று பொம்பளைகள் சொல்வார்கள். நின்றால் நடந்தால் அவலட்சணம், கிழட்டுக் கோழி தோற்றுப்போகும். பறக்கும்போது கீழேயிருந்து பார்க்க வேண்டும். வெள்ளை வெளேர் என்று வயிறு, இறக்கையின் பின்பாதி முழுக்கக் கறுப்பு, வால் ஆப்பு மாதிரி. கடவுள் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கென்றே செய்து அனுப்பியது.

பாறை உச்சியில் கோடு போட்டது நான்தான். விளிம்புக்கு முன்னால் பாறை சரியத் தொடங்கும் இடத்தில், கடுகு சிந்தியதுபோல மணல் கிடக்கும். அதற்கு இந்தப் பக்கமே சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து, “இதத் தாண்டாத வேலு” என்று சொல்லியிருந்தேன். அவனும் தாண்டியதில்லை. கோட்டில் அவன் நின்றால் கீழே படுத்திருக்கும் எனக்கு இடுப்புக்கு மேல் தெரிவான். அங்கே நின்று ஒரு சத்தம் போடுவான். மஞ்சள்திருடி பொந்திலிருந்து கிளம்பி என் மேல் ஒரு சுற்று வரும். நான் எடுப்பேன். ஆனால் அது சும்மா சோம்பல் முறித்துக் கிளம்புகிற பறத்தல். ஆள் விளிம்புக்கே வந்துவிட்டால் பதறிப்போய் இறக்கை முழுவதையும் ஒரே வீச்சில் விரிக்கும். அந்தப் படம் யாரிடமும் இல்லை. அதை எடுக்க வேண்டும் என்கிற ஆசை எனக்கு இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

போன மாசியில் வேலுசாமி கேட்டான், “ஏலே பொன்னு, மேல சும்மா நிக்கிறதுக்கு எனக்கும் ஒரு கேமரா குடேன். பொழுது போகும்ல.”

ஸ்டுடியோவில் ஒரு பழைய மடக்குக் கேமரா கிடந்தது. துடைத்து, பிலிம் போட்டு, நானே கொடுத்தேன். கண்ணோடு ஒட்டிப் பார்க்கிற சின்னக் கண்ணாடி அதில் உண்டு. அதற்குள் பார்த்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். அதையும் அவனுக்குச் சொல்லித்தான் கொடுத்தேன்.

அவன் எடுத்த முதல் சுருளை நான்தான் கழுவினேன். பாதிக்கு மேல் ஆட்டம். ஒன்று மட்டும் தட்டில் மெல்ல மெல்ல மேலே வந்தது. நடுவில் மஞ்சள்திருடியின் முதுகு, இறக்கை இரண்டும் விரிந்து. அதற்கு வெகு கீழே கடலைக் காட்டில் ஒரு சின்ன மனிதன். காலைப் பரப்பிக்கொண்டு, வேட்டி ஒரு பக்கம் ஒதுங்கி, வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறான். பறவையின் நிழல் சரியாக அவன் வயிற்றின் மேல்.

இருட்டறையில் தனியாக நின்று சிரித்தேன். தொழில்காரனாகச் சொல்கிறேன், அது நல்ல படம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் நானே மாட்டினேன். மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு என் பறவைப் படங்களை அனுப்பும்போது அதே உறைக்குள் இதையும் வைத்தேன். என் படங்கள் வணக்கத்தோடு திரும்பி வந்தன. அதை மட்டும் சித்திரையில் முழுப் பக்கத்துக்குப் போட்டார்கள். படம், வேலுசாமி, திண்டுக்கல்.

ஊரே கூடிவிட்டது ஐயா. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், கோர்ட்டுக் குமாஸ்தாக்கள், பூக்காரிகள் எல்லாரும் பெட்டி முன்னால் நின்று சிரித்தார்கள். எனக்கு ‘மல்லாக்கி’ என்று பெயர் வைத்தார்கள். வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர் என் கடைச் சந்து முனை வந்தால், “மல்லாக்கி ஸ்டாப்பிங் எறங்கு” என்று குரல் கொடுப்பார். கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பேச வந்த ஒரு பெண்ணின் தகப்பனார், “எங்க வீட்டுக்கு வந்து நின்னுக்கிட்டே எடுப்பீகள்ல?” என்று பணிவாகக் கேட்டார். நானும் சிரித்தேன். எல்லாரையும்விட அதிகமாக நான்தான் சிரித்திருப்பேன்.

லூர்தம்மாள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அடுப்படி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தாள். “கல்யாணம் ஆன நாள்லருந்து ஒங்க மொகத்த இம்புட்டுச் சந்தோசமாப் பாத்ததே இல்ல” என்றாள். உண்மைதான். அப்படி ஒரு முகம் எனக்கு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அதை யாரும் பார்க்கக்கூடாது என்று நான் நினைத்ததும் இல்லை, யாரும் இதுவரை பார்த்ததில்லை என்பதால்.

வேலுசாமிக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் மண்டி முடிந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

“பொன்னு, ஒனக்கு ஒரு மாதிரியா இருந்தாச் சொல்லு. படத்த எறக்கிருவோம்.”

“எனக்கென்னப்பா. நல்ல படம், இருக்கட்டும்.”

“நெசமா?”

“நெசமாத்தான்.”

அவன் முகம் தெளிந்துவிட்டது. டீ வரவழைத்தான். குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

“நானும் நெனச்சுப் பாத்தேன் பொன்னு. பறவைய மேலருந்து பாத்தாத்தாம்ப்பா அழகு. கீழருந்து என்ன தெரியும்? வெறும் வயிறுதான.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. நான் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். நல்ல டீ, ஏலக்காய் போட்டிருந்தார்கள். அவன் எழுந்து போகும்போது வாசல் பெட்டி முன்னால் ஒரு நிமிஷம் நின்று தன் படத்தைப் பார்த்துக்கொண்டான். நான் அவன் முதுகைப் பார்த்தேன்.

வைகாசியில் அந்த ஞாயிறு ரொம்ப அழகான நாள். முதல் நாள் லேசாகத் தூறியிருந்தது. வானம் கழுவிவிட்டது போல இருந்தது, காற்று இல்லை. பஸ்ஸில் வேலுசாமி ஒரு கிழவியின் வெள்ளாட்டுக் குட்டிக்கு டிக்கெட் கேட்டு வம்பு பண்ணினான். பாறைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். அய்யம்மாள் அன்றைக்கு எனக்காக அவித்த முட்டை வைத்திருந்தாள்.

“வேலு, இன்னைக்கு என்னை இன்னொரு தடவ எடு. போன படத்துல என் மூஞ்சி சரியா விழுகல. ஊரே பாக்குதுல்ல, நல்லா விழட்டும்” என்றேன்.

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் நிஜமாகவே மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் முழுசாக நம்பினான் போலிருக்கிறது. என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, ஏலப் பாட்டைப் பாடிக்கொண்டே பின்பக்கமாக ஏறிப் போனான்.

நான் படுத்துக்கொண்டேன். லென்ஸைக் கூட்டுக்கு நேராகத் திருப்பிக்கொண்டேன். அவன் உச்சியில் இடுப்புக்கு மேல் தெரிந்தான்.

“படுத்துட்டியா?” என்று கேட்டான்.

“படுத்துட்டேன். கண்ணாடிக்குள்ள பாரு. தெரியுறேனா?”

“எறும்பு மாதிரித் தெரியுற.”

“அப்ப முன்னால வா. கண்ண எடுக்காத, எடுத்தா மறுபடி மொதல்லருந்து பாக்கணும். நான் சொல்றேன், நீ வா.”

வந்தான். கேமராவில் கண்ணை வைத்தவனுக்குக் கால் இருப்பது மறந்துபோகும். இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ உதவியாளர்கள் கல்யாணப் பந்தலில் பின்னால் நகர்ந்து அண்டாவுக்குள் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் தெரிந்தது. கோடு அவனுக்குப் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம்.

“போதுமா பொன்னு?”

“இன்னும் செத்த. மூஞ்சி விழணும்ல.”

கணுக்கால் தெரிந்தது. மணல் கொஞ்சம் உதிர்ந்து பாறையில் சலசலவென்று இறங்கியது. அவன் அதைக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான்.

“சிரி பொன்னு, சிரி” என்றான்.

சிரித்தேன். “இன்னும் ஒரு எட்டு” என்று சொல்லிவிட்டுக் கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனேன்.

அவன் ஒன்றும் கத்தவில்லை. அவ்வளவு பெரிய குரல்காரன். அதை நினைத்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஓடிப் போய் ஆட்களைக் கூட்டி வந்தேன், கட்டை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தோம், நீங்கள் வந்து பாறையைப் பார்த்தீர்கள். நான் அழுதேன், அது நடிப்பில்லை. அவனை நாற்காலியில் உட்கார்த்தி மாலை போட்டுக் கடைசிப் படம் எடுத்ததும் நான்தான். தலையின் ஒரு பக்கம் சரியில்லை என்று விளக்கை மறுபக்கம் வைத்தேன். அய்யம்மாள் அதைப் பார்த்து, “தூங்குற மாதிரியே இருக்காக அண்ணே” என்றாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

இப்போது ஏன் வந்தேன் என்றால், மண்டியில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. சாராயம் குடித்துவிட்டுப் பாறையில் ஏறினான் என்கிறார்கள். நேற்று அய்யம்மாள் அதைச் சொல்லி அழுதாள். “அவுக தொட்டதில்ல அண்ணே, நீங்க கூட இருந்தீக, நீங்களாவது சொல்லுங்க” என்றாள். சொல்ல வேண்டியதுதானே. வேலுசாமி குடித்ததில்லை. அவன் கால் தடுமாறவில்லை. நான் சொன்ன இடத்தில், நான் சொன்னபடி, சரியாகக் காலை வைத்தான். தாண்ட வைத்தது நான். விழுவான் என்று தெரிந்துதான் சொன்னேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம். பத்திரிகை, பட்டப்பெயர் இதெல்லாம் சின்ன விஷயம், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. படத்துக்காகச் செய்தேன். ஆள் விளிம்புக்கு வரும்போது மஞ்சள்திருடி இறக்கை விரிப்பதைக் கீழேயிருந்து எடுக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக இருந்த ஆசை. கலைக்காக ஒருவன் தப்புச் செய்துவிட்டான் என்றால் ஜட்ஜ் ஐயாவுக்கும் விளங்கும். அன்றைக்கு எடுத்த படத்தையும் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள். நான் எடுத்ததிலேயே கூர்மையான படம். சட்டைப் பித்தான்கூட எண்ணலாம்.

ஏன் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள்? தலைகீழாக இல்லை ஐயா, அவன் அப்படித்தான் வந்தான்.

பறவையா? பறவை அதில் இருக்காது. குஞ்சுக்கு இறக்கை முளைத்ததும் எல்லாம் பாறையை விட்டுப் போய்விட்டன. சனிக்கிழமை நான் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்தேன், கூடு காலியாக இருந்தது. திரும்பி வந்த பிறகுதான் மண்டிக்குப் போய், நாளைக்கு வா என்று வேலுசாமியிடம் சொன்னேன்.